தொண்டைமானின் அடுப்படி

கொடையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை மிஞ்ச இந்தப் பல்லடத்தில் ஆளில்லை. மகன், மருமகள், பேரன், பேத்தி நால்வருக்கும் பொதுவான குணம் அது. ஆளில்லாத அறைக்கும் விளக்குப் போட்டு வைப்பார்கள். நாற்காலிக்கு வியர்க்கக் கூடாதென்று மின்விசிறியை ஓடவிட்டு எழுந்து போவார்கள். நான் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு சுவிட்சாக அமர்த்திக்கொண்டு வந்தால், "அப்பத்தா, நூறு யூனிட் ஃப்ரீதானுங்க, உடுங்க" என்று பேரன் ஆறுதல் சொல்வான். சரியாகத்தான் சொல்கிறான். 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கென்று அரசாங்கம் கொடுத்ததை ஒரே வாரத்தில் தீர்த்துக் கணக்கை முடிக்கிற சுறுசுறுப்பு எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது.

இந்தச் சீமையில் கரண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பம்புசெட்டுக்கு யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றினார்கள் என்பதற்காக 1970இல் உழவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஜூன் மாதம் திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1972இல் கட்டை வண்டிகளைக் கோயம்புத்தூருக்குள் கொண்டுபோய் நிறுத்தி நகரத்தை அசையவிடாமல் செய்தார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு என்ற பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் மாமனாரும் வண்டி பூட்டிக்கொண்டு போனவர்தான். பைசாக் கணக்குக்காக மாட்டை நுகத்தில் பூட்டிய மனுசன் அவர். அவருடைய கொள்ளுப் பேரன் மீட்டர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காத பெருந்தன்மைக்கு வந்திருக்கிறான். மூன்றே தலைமுறையில் இவ்வளவு உயரம் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பேரன் அறையில் ஏசி 18இல் நிற்கும். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தாமாகத் துவங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. டெல்லியில் யாரோ எழுதிய எண்ணுக்குக் கட்டுப்படுகிற பிள்ளையா அவன்? ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்கிவிட்டு, அட்டாலியிலிருந்து கம்பளியை இறக்கித் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்வான். மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்த பேகன் பழனிப் பக்கத்துக்காரன், எங்களுக்கு அண்டைச் சீமைதான். அவனுக்குக் கொடை கொடுக்க மழையும் மலையும் வேண்டியிருந்தது. எங்கள் பையன் குளிரையும் தானே உண்டாக்குகிறான், போர்வையும் தானே கொடுத்துத் தானே வாங்கிக்கொள்கிறான். (அந்த மயில்களின் வாரிசுகள் இப்போது காட்டில் ஒரு சோளக் கதிரை மிச்சம் வைப்பதில்லை. அது தனி வெசனம்.)

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மேற்குமலை பாலக்காட்டில் விட்டுவைத்த கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் நுழைகிற காற்று, ஆடி முழுக்க எங்களை ஊதித் தள்ளிவிட்டுத்தான் ஓயும். கொடியில் போட்ட துணி பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். கேத்தனூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள். இந்தக் காற்றை நம்பித்தான் அத்தனையையும் நட்டிருக்கிறார்கள். அதே காற்று எங்கள் ஜன்னலையும் தட்டுகிறது. ஏசியின் குளிர் வெளியே போய்விடுமென்று ஜன்னலைச் சாத்தித் தாழும் போட்டாகிவிட்டது. ஆக, காற்று முதலில் கேத்தனூரில் இறக்கையைச் சுற்ற வேண்டும். கரண்டாகிக் கம்பியில் ஏற வேண்டும். எங்கள் மீட்டரைச் சுழற்ற வேண்டும். அப்புறம் ஏசியின் வாய் வழியாகப் பேரனின் நெற்றியில் பட வேண்டும். சும்மா வருகிற காற்றை உள்ளே விட்டால் அதற்கு என்ன மரியாதை? பணம் கட்டி வரவழைத்தால்தானே அது விருந்தாளி!

அடுப்படிக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

வீட்டைப் புதுப்பித்தபோது அடுப்படியை மாடுலர் கிச்சனாக மாற்றினார்கள். இழுத்தால் சத்தமில்லாமல் வந்து, தள்ளினால் தானே மெதுவாகப் போய் மூடிக்கொள்ளும் அறைகள். நாலு பர்னர் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி, பக்கத்தில் ஓவன், எண்ணெயில்லாமல் பொரிக்கும் பெட்டி ஒன்று. எல்லாம் வாங்கிய நாள் போலவே மின்னுகின்றன. ஓவனின் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய பாதுகாப்புத் தாள்கூட இன்னும் உரியவில்லை. பொருளைப் பேணிக் காப்பதில் இவர்களுக்கு நிகர் யாருமில்லை என்று அடுப்படிக்குள் போகிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்போது ஔவையாரும் நினைவுக்கு வருவார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் அவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்டான். ஔவையார் ஒரு குறையும் சொல்லவில்லை. உன் வேல்கள் மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன என்று வாயாரப் புகழ்ந்தார். எங்கள் அதியமானுடைய வேல்கள் பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. எங்கள் மருமகள் தன் சிநேகிதிகளைக் கூட்டிவந்து அடுப்படியைச் சுற்றிக் காட்டுகிறபோதெல்லாம் நான் பின்கட்டில் கிடக்கிற என் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்கிறேன். குழவி தேய்ந்து பாதியாகிவிட்டது. குழியைக் கொத்திக் கொத்தி ஆழம் கூடிப்போயிற்று. புகழ்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

கையால் ஆட்டியதுதான் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கப்பட்டு வந்த புதிதில் கூட்டுக் குடும்பத்துக்கு மாவாட்டி என் வலது தோள் இறங்கிப்போனது எனக்குத்தான் தெரியும். பெண்களின் தோளைக் காப்பாற்ற வந்த கருவி கிரைண்டர். அது பிறந்ததே எங்கள் கோயம்புத்தூரில். 1955இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். அதிலிருந்து பட்டறை பட்டறையாகப் பெருகி ஒரு தொழிலாகவே வளர்ந்து, "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காஞ்சிபுரத்துக்குப் பட்டு என்றால் கோயம்புத்தூருக்குக் கிரைண்டர். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, அதன்மேல் வைஃபை பெட்டியை வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே அசையாத இடம் அதுதானாம், சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதாம்.

மாவு பாக்கெட்டில் வருகிறது. "அம்மிணி, நானே அரைச்சுத் தர்றேன்" என்று பலமுறை சொல்லிவிட்டேன். "உங்களுக்கெதுக்குங்கத்தை சிரமம், முக்குக் கடையிலயே கெடைக்குது" என்பாள். எவ்வளவு அக்கறை! கிரைண்டர் கண்டுபிடித்தவர் என் தோளை மட்டும் காப்பாற்றினார். மருமகள் என் கைக்கும் நாவுக்குமே ஓய்வு கொடுத்துவிட்டாள். உளுந்து பொங்கப் பொங்க எப்போது தண்ணி தெளிக்க வேண்டும், ஒரு துளி மாவைத் தண்ணிக் கிண்ணத்தில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்து எப்போது நிறுத்த வேண்டும், மார்கழிக் குளிருக்கு எத்தனை மணி நேரம் கூடுதலாகப் புளிக்க விட வேண்டும் என்கிற தொல்லைகள் எதுவும் என் பேத்திக்கு இல்லை. பாக்கெட்டின் முதுகில் தேதி அச்சடித்திருக்கிறது. தேதியைப் படிக்கிற அளவுக்கு அவளைப் படிக்க வைத்துவிட்டோம்.

பொறுமையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று ஊரில் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் எங்கள் வீட்டு ராத்திரியைப் பார்த்ததில்லை. அரிசியும் துவரம் பருப்பும் களைந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, குக்கரில் மூன்று விசில் விட்டால் அரிசிம்பருப்பு சோறு ஆயிற்று. நெய் ஊற்றி, தயிரும் ஒரு அப்பளமும் வைத்தால் எங்கள் சனத்துக்கு அதைவிட வேறு விருந்து கிடையாது. அரை மணிகூட ஆகாது. அவ்வளவு அவசரம் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. போனில் ஃப்ரைடு ரைஸ் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த முக்கால் மணியும் போனில் ஒரு வரைபடம் ஓடும். வண்டிக்காரத் தம்பி எந்தச் சந்தில் திரும்புகிறான், எந்த சிக்னலில் நிற்கிறான் என்று கண் இமைக்காமல் பார்ப்பார்கள். அவன் திருச்சி ரோட்டு நெரிசலில் நின்றால் இங்கே பேரனின் முகம் வாடும். எங்கள் மகன் தறிக்குடோனிலிருந்து வரத் தாமதமானபோது நான்கூட அப்படி வழி பார்த்ததில்லை.

வருகிற பெட்டிக்குள் பெரும்பாலும் கோழி இருக்கும். இது எங்கள் ஊருக்குக் கிடைக்கிற மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன். கறிக்கோழியின் பண்ணை விலையை நாள்தோறும் அறிவிக்கிற ஒருங்கிணைப்புக் குழு இருப்பது பல்லடத்தில்தான். அது சொல்கிற ரூபாயைத் தமிழ்நாட்டுக் கறிக்கடைகள் காத்திருந்து கேட்கும். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் நீளநீளமான கோழிக் கொட்டகைகள். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். கொட்டகையும் ராத்தூக்கம் கெட்ட உழைப்பும் உழவருடையது. நாற்பது நாள் சொச்சத்தில் கோழி இரண்டு கிலோ தேறினால் கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி உழவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கோழியை வளர்த்தவருக்குக் கிடைக்கிற கூலியையும், பொரித்த கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்து தர நாங்கள் கொடுக்கிற டெலிவரி கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கூலிதான் தலை குனியும். எங்கள் பிள்ளைகள் அதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. பாதி கடித்த துண்டைப் பெட்டியிலேயே வைத்து மூடிவிடுவார்கள். தெரு நாய்களும் இந்த ஊர்ப் பிரஜைகள்தானே.

துணி விஷயத்திலும் இதே தாராளம்தான். எங்களுடையது கூலிக்கு ஓட்டுகிற விசைத்தறி. நூல்காரர் பாவும் ஊடையும் கொடுப்பார், நாங்கள் காடாத் துணியாக நெய்து கொடுப்போம், மீட்டருக்கு இத்தனை என்று கூலி. பைசாக் கணக்கில் கூலி உயர்வு கேட்டு 2022இலும் 2025இலும் இந்த வட்டாரத்துத் தறிக்காரர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். குடோனில் சத்தம் நின்றுபோனால் எனக்குத் தூக்கமே வராது. அந்த நாட்களில் மாடியில் உட்கார்ந்து பேரன் ஒரு பனியன் வாங்கினான். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டுப் பேர். கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் தைத்தது என்று போட்டிருந்தது. இங்கிருந்து 15 கிலோமீட்டரில் இருக்கிற திருப்பூரில்தான் தைத்திருக்க வேண்டும். ஊர் சுற்றிப் பேரும் விலையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. படத்தில் பார்த்த பச்சை இது இல்லை என்று அடுத்த நாளே திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு பனியனுக்கு இத்தனை ஊர் பார்க்கும் பாக்கியம் எங்கள் காலத்தில் கிடைத்ததா?

தண்ணியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் எனக்கு மனசு தாங்காது. குழாயில் நல்ல தண்ணி சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். மற்றதற்கெல்லாம் போர் போட்ட உப்புத் தண்ணி. கிணறு வற்றி, ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டும் புழுதி பறந்த காடுகள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ. இந்த ஊரில்தான் எங்கள் பிள்ளைகள் ஒரு குடம் தண்ணியைச் சுத்தமாக்க இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்குத் தானம் செய்கிற இயந்திரத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து பிடித்த பாட்டிலில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, யாருடையது என்று தெரியாமல் கொட்டிவிட்டு, புதிதாகப் பிடிப்பார்கள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கழிவுத் தண்ணிக் குழாயை நான்தான் பக்கெட்டுக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். அதில்தான் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது.

இனிச் சொல்கிற சில வரிகளுக்கு உள்ளர்த்தம் எதுவும் இல்லை. எங்கள் மகன் ராத்திரி தட்டுகளைக் கழுவி வைக்கிறான். அவனுடைய அப்பா தான் குடித்த தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டுப் பெண்கள் போசியைச் சுரண்டிச் சாப்பிட்ட காலம் என்னோடு முடிந்தது. மருமகள் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், அவளுடைய சம்பளம் அவளுடைய கையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கிற பேத்தி காலேஜ் விட்டுப் பொழுது சாய்ந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள். போன தை மாதம் வந்த ஒரு சாதகத்தை "எனக்குப் பிடிக்கலீங்க" என்று பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வயதில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இவர்கள் நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகள் இவ்வளவு வீண் செய்கிறார்களே என்பதுதான் என்னை அரிக்கிறது. பொல்லாதவர்கள் என்றால் நான் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன்.

சிக்கனமே தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பேச்சில் சிக்கனம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், வாசல்படி ஏறினால், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" சொல்லியாக வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் "அந்தப் பையன் வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியே" என்று அடுத்த கல்யாணம்வரை பேசுவார்கள். எங்கள் பேரன் காதில் மாட்டியதைக் கழற்றாமல் புருவத்தை ஒரு நூல் உயர்த்துவான். வந்தவருக்கு அதற்கு மேல் தொந்தரவு தரக் கூடாது என்கிற நாகரிகம். காங்கயத்திலிருந்து வந்த என் தம்பி, பையனுக்குக் கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று என்னிடம் விசாரித்தான்.

சாப்பிடக் கூப்பிடவும் இப்போது குரல் செலவாவதில்லை. குடும்பத்துக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். "சாப்பிட வாங்க" என்று மருமகள் அதில் எழுதுவாள். மாடியிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும், அடுத்த அறையிலிருந்து இன்னொரு கட்டைவிரல். விரல்கள் வந்து அரை மணி கழித்து ஆட்கள் வருவார்கள். அதற்குள் தோசை ஆறிப்போயிருக்கும். ஆறின தோசையைச் சூடாக்க ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கும் கரண்டு இருக்கிறது. எதற்கும் வழி வைத்திருக்கிற பிள்ளைகள்.

எனக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆசாரம் என்று நாங்கள் சொல்கிற கூடத்துச் சுவரில் ஒரு கேமரா. ஒருநாள் நான் கால் இடறி விழப் பார்த்ததிலிருந்து அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மகன் குடோனிலிருந்து பார்ப்பான், மருமகள் ஆபீசிலிருந்து பார்ப்பாள், பேத்தி காலேஜிலிருந்து பார்ப்பாள். மாடியில் இருக்கிற பேரன் படியிறங்கி வந்தால் என் முகத்தையே பார்க்கலாம். ஆனால் என் முகம் எங்கோ ஒரு தேசத்துக் கணினிவரை போய்த் திரும்பி அவன் கைக்கு வந்து சேர்கிறது. "அப்பத்தா, மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று சுவரிலிருந்து அசரீரி கேட்கும். அசரீரியைக் கதைகளில் மட்டுமே கேட்டிருக்கிறேன். நான் சுவரைப் பார்த்து "ஆச்சு கண்ணு" என்பேன்.

அந்தக் கேமராவை அடுப்படிப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கிரைண்டர் மேலிருந்த வைஃபை பெட்டியை ஜன்னல் திட்டுக்கு நானே மாற்றிவிட்டேன், சிக்னல் அங்கேயும் வருகிறது. சனிக்கிழமை மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, பொழுதோட 5 மணிக்கு அரைக்கத் துவங்குவேன். எப்போது தண்ணி தெளிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கேமராவுக்கு நேராக நின்று நிதானமாகக் காட்டுகிறேன். அந்த நேரம் தூங்குகிறவர்களுக்கும் ஒரு குறையும் வராது. ஒரு வாரம் பதிவில் இருக்குமாம்.